ரூட் பாஸ்வேர்ட் எல்லாருக்கும் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. கணினிக் கூடத்துக்கு மெசின் வாங்கித் தந்த வெளிநாட்டுச் சகோதரர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள், நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிமார், பிள்ளையை ஐசீடீ எடுக்க வைத்திருக்கும் உம்மா வாப்பாமார் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். "நாங்கள்" என்று இதில் சொல்வது இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் ஐசீடீ படிப்பிக்கும் சிலரை. ஒரு விஷயத்தில் எங்களுக்கு உறுதியான கருத்து இருக்கிறது. கூட்டங்களில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க ஏலாது, அதனால் இங்கே.

நமது கூடங்களில் இருப்பது பெரும்பாலும் பழைய மெசின்கள். விண்டோஸ் இழுக்காது என்று உபுண்டு போட்டிருக்கிறோம். அது நல்ல முடிவு. பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. சில புரோகிராம்கள் யாரும் தொடாமல் தானாக ஆரம்பித்து, திரையில் எதுவும் காட்டாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாட மணி அடிக்கிற புரோகிராம் ஒன்று. தவணைப் பரீட்சைப் புள்ளிகளை இரவில் இன்னொரு டிஸ்குக்குப் பிரதி எடுக்கிற ஒன்று. இணையம் இல்லாமலே தமிழ் விக்கிப்பீடியாவை முழுக் கூடத்துக்கும் காட்டுகிற கிவிக்ஸ் இன்னொன்று.

இவற்றை ஓட வைக்க ஆட்கள் செய்வது இரண்டில் ஒன்று. காலையில் ஒரு சேர் வந்து லொகின் பண்ணி, ஒவ்வொன்றாகக் கையால் ஆரம்பித்து வைக்கிறார். அவருக்கு லீவு என்றால் மணிக்கும் லீவு. இல்லாவிட்டால், எல்லாவற்றையும் ரூட்டின் பெயரில் போட்டுவிட்டு, பிறகு அதில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டிய ஒவ்வொருவருக்கும் ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்கிறார்கள். டீச்சருக்குத் தெரியும், நூலகத் தம்பிக்குத் தெரியும், 11ஆம் ஆண்டு மொனிட்டருக்கும் தெரியும். மொனிட்டரின் (இது திரை) ஓரத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிற இடமும் உண்டு.

எங்கள் கருத்து, இரண்டுமே தேவையில்லை. ஒரு சாதாரண பயனர் தன் பெயரில், தன் கோப்புறைக்குள் இருந்தபடியே, ஒரு புரோகிராமைத் தானாக ஆரம்பித்துப் பின்னால் ஓட விட யூனிக்ஸ் வகை முறைமைகளில் வழி இருக்கிறது. நிர்வாகி அதற்காக ஒரே ஒரு தடவை வந்தால் போதும். அதன் பிறகு அவர் தன் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்திருக்கலாம்.

ரூட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இலக்கம் உண்டு. ரூட்டின் இலக்கம் 0. உபுண்டுவில் நாம் உருவாக்கும் ஆட்களுக்கு 1000 இலிருந்து தொடங்கும். 1000 இலக்கக்காரர் தன் வீட்டுக் கோப்புறைக்குள் என்னவும் செய்யலாம், அடுத்தவரின் கோப்பைத் தொட ஏலாது. 0 இலக்கக்காரருக்கு அந்தத் தடையே இல்லை. உபுண்டுவில் ரூட்டுக்கென்று நேரடியாக ஒரு பாஸ்வேர்ட் வைக்கப்படுவதில்லை. முதலில் உருவாக்கிய பயனர் "சூடோ" போட்டு அந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்வார். நாம் ஊர் வழக்கில் "ரூட் பாஸ்வேர்ட்" என்று சொல்வது அவருடைய பாஸ்வேர்டைத்தான்.

முக்கியமானது இது: ஒரு புரோகிராம் யாருடைய பெயரில் ஆரம்பிக்கிறதோ, அவருக்கு உள்ள அதிகாரம் முழுதும் அந்தப் புரோகிராமுக்கும் உண்டு. மணி அடிக்கிற புரோகிராமை ரூட்டின் பெயரில் ஆரம்பித்தால், பாடசாலையின் எல்லாப் புள்ளிப் பட்டியலையும் அழிக்கிற அதிகாரத்தோடு அது மணி அடிக்கிறது. மணி அடிக்க அவ்வளவு அதிகாரம் எதற்கு?

(பின்னால் ஓடும் புரோகிராமுக்கு யூனிக்ஸ் உலகத்தில் "டீமன்" என்று பெயர். பிள்ளைகள் இதைக் கேட்டவுடன் "சேர், ஷைத்தானா?" என்று கேட்பார்கள். இல்லை. 1963 அளவில் எம்.ஐ.டி.யில் ஐபிஎம் 7094 கணினியில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர். மெக்ஸ்வெல் என்ற பௌதிகவியலாளரின் கற்பனைப் பரிசோதனையில், ஒரு பெட்டிக்குள் இருந்துகொண்டு ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு கற்பனை ஆள் வருவார். அவரை வைத்து வந்த பெயர் என்று அந்தக் குழுவில் இருந்த கோர்படோவே சொல்லியிருக்கிறார். பீஎஸ்டீயின் கொம்பு வைத்த சின்னத்தைப் பார்த்துவிட்டு இது ஹராமா என்று கேட்டவர்களும் உண்டு. அது வெறும் கார்ட்டூன்.)

இனி, ரூட் பெயரில் போடுவதால் நடக்கிற ஒன்றைச் சொல்கிறோம். ஒரு பாடசாலையில் புள்ளிப் பட்டியல்கள் ஒவ்வோர் இரவும் வெளி டிஸ்குக்குப் பிரதியாகின்றன என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். புரோகிராம் ரூட்டில் இருந்தது, கணினி ஆரம்பித்தவுடன் தானாகவும் ஓடியது. ஆனால் உபுண்டுவில் யூஎஸ்பி டிஸ்க் ஒன்று தானாக இணைவது யாராவது திரையில் லொகின் பண்ணிய பிறகுதான். கரண்ட் போய் வந்து, யாரும் லொகின் பண்ணாத நாளில் டிஸ்க் இணைக்கப்படவே இல்லை. புரோகிராம் என்ன செய்தது? டிஸ்கின் பெயரில் ஒரு கோப்புறை இல்லையே என்று பார்த்து, ரூட் அதிகாரம் இருந்ததால் அதே பெயரில் ஒன்றைத் தானே உருவாக்கி, அதற்குள் பிரதியைப் போட்டது. அந்தக் கோப்புறை இருந்தது கணினியின் சொந்த ஹாட் டிஸ்கிலேயே. பல வாரம் இப்படி ஓடி, கடைசியில் அந்த ஹாட் டிஸ்க் போனபோது மூலமும் பிரதியும் ஒன்றாகப் போயின. ஆசிரியர்கள் மூன்று வகுப்புகளின் புள்ளிகளை விடைத்தாள் கட்டுகளைத் தேடி எடுத்துத் திரும்ப ஏற்றினார்கள்.

அதே புரோகிராம் சாதாரண பயனரின் பெயரில் ஓடியிருந்தால், அந்த இடத்தில் கோப்புறை உருவாக்க அவருக்கு அனுமதி கிடையாது. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று முதல் இரவே நின்றிருக்கும். பதிவேட்டிலும் விழுந்திருக்கும். அனுமதி இல்லாமல் இருப்பது சில நேரம் நமக்குப் பாதுகாப்பு என்பதை விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சரியான ஏற்பாடு என்னவென்றால், கணினி ஆரம்பிக்கும்போதே டிஸ்க் இணையும்படி நிர்வாகி ஒரு தடவை "எஃப்எஸ்டாப்" கோப்பில் எழுதி, அதில் ஒரு கோப்புறையைப் பிரதி எடுக்கும் பயனருக்குச் சொந்தமாக்கி விடுவது. மற்றது பயனரின் வேலை.

உலகப் பிரசித்தமான உதாரணமும் உண்டு. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் ஒரு வழு வெளியே வந்தது. அதன் ஸ்கிரிப்டில் ஒரு மாறியில் கோப்புறையின் பெயர் இருக்க வேண்டும். சில சந்தர்ப்பங்களில் அது வெறுமையாகிவிட்டது. "இந்தக் கோப்புறைக்குள் உள்ள எல்லாவற்றையும் அழி" என்ற கட்டளை, பெயர் வெறுமையானதால் "முழு டிஸ்கிலும் உள்ள எல்லாவற்றையும் அழி" என்று ஆகிவிட்டது. அது ஓடியது சாதாரண பயனரின் பெயரில். அதனால் அவருடைய கோப்புகள் போயின, இணைத்திருந்த வெளி டிஸ்கில் அவருக்குச் சொந்தமானவையும் போயின, ஆனால் முறைமை பிழைத்தது, மற்றப் பயனர்களின் கோப்புகள் பிழைத்தன. சாதாரண பயனர் என்றால் எந்தச் சேதமும் வராது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சேதத்துக்கு ஒரு வேலி இருக்கும். அதனால்தான் மணிக்கு ஒரு பயனர், பிரதி எடுக்க ஒரு பயனர், நூலகத்துக்கு ஒரு பயனர் என்று வேலைக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்கிறோம். மணிப் பயனருக்கு அழிக்கக்கூடியது மணிச் சத்தக் கோப்புகள் மட்டும்.

சரி, சாதாரண பயனர் இதை எப்படிச் செய்வது? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் இணையத்தில் தேடினால் ஐந்தாறு வழி வரும், எல்லாம் ஒன்று போலத் தெரியும்.

கட்டாயம் செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறோம். வீட்டுக் கோப்புறையில் ".பேஷ்ஆர்சி" என்று ஒரு கோப்பு இருக்கும். அதன் கடைசி வரியில் புரோகிராமின் பெயரை எழுதிவிட்டால் தானாக ஆரம்பிக்கும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்து வந்து பெருமையாகச் சொல்வார்கள். ஆரம்பிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோப்பு வாசிக்கப்படுவது டேர்மினல் ஜன்னல் ஒன்று திறக்கப்படும் ஒவ்வொரு தடவையும். ஐந்து ஜன்னல் திறந்தால் ஐந்து புரோகிராம். மணி என்றால் ஐந்து மணி ஒன்றாக அடிக்கும். அதற்கு மேல், யாரும் லொகின் பண்ணாவிட்டால் ஒன்றுமே ஆரம்பிக்காது.

இரண்டாவது, திரையில் லொகின் பண்ணியவுடன் ஆரம்பிக்கிற வகை. உபுண்டுவில் "ஸ்டார்டப் அப்ளிகேஷன்ஸ்" என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. நமது எழுத்துரு மாற்றி, குறிப்பு எழுதும் புரோகிராம் போன்றவற்றுக்கு இது போதும். ஆள் வந்தால் வரும், ஆள் போனால் போகும். மணிக்கும் நூலகத்துக்கும் சரிவராது.

மூன்றாவது குரோன். இது பழைய ஆள். 1979 இல் வெளியான யூனிக்ஸ் 7ஆம் பதிப்பில் இருந்தது. அப்போது முழுக் கணினிக்கும் ஒரே அட்டவணைதான், அதுவும் ரூட்டின் கையில். ஒவ்வொரு பயனருக்கும் சொந்த அட்டவணை பிறகு வந்தது. நாற்பது வருடத்துக்கு முன்னரே யூனிக்ஸ்காரர்கள் "எல்லாம் ரூட்டிடம்" என்பதிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள், நாம் இன்னும் அங்கேயே நிற்கிறோம். இன்று நமது கணினிகளில் இருப்பது போல் விக்ஸி 1987 இல் எழுதிய குரோனின் வழி வந்தது. சாதாரண பயனர் "குரோன்டாப் -ஈ" என்று அடித்துத் தன் அட்டவணையைத் திறந்து, நேரத்துக்குப் பதிலாக "@ரீபூட்" என்று எழுதி, பக்கத்தில் புரோகிராமின் முழுப் பாதையையும் எழுதினால், கணினி ஆரம்பிக்கும்போது அது அவருடைய பெயரில் ஓடும். லொகின் தேவையில்லை, சூடோ தேவையில்லை. பீஎஸ்டீயிலும் வேலை செய்யும்.

ஆனால் குரோனில் ஒரு பொறி இருக்கிறது. டேர்மினலில் அழகாக ஓடிய ஸ்கிரிப்ட் குரோனில் ஓடாது, ஏன் என்றும் விளங்காது. காரணம், நீங்கள் லொகின் பண்ணும்போது உங்களுக்காக அமைக்கப்படும் சூழல் மாறிகள் பல குரோனுக்குக் கிடைப்பதில்லை. புரோகிராமைத் தேடும் பாதைப் பட்டியலும் அங்கே மிகச் சின்னது. மேலே ஸ்டீம் கதையில் வெறுமையான மாறி ஒன்றைப் பார்த்தோமே, குரோனில் அந்த நிலைமை வருவது மிக இலகு. ஆகவே குரோனில் போகிற ஸ்கிரிப்டில் எல்லாப் பாதையையும் முழுதாக எழுத வேண்டும். ஸ்கிரிப்டின் தலையில் "செட் -யூ" என்ற ஒரு வரியைப் போட்டால், மதிப்பே வைக்கப்படாத மாறி வந்தவுடன் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். இதை உயர்தரப் பிள்ளைகளுக்கு நாங்கள் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறோம். இன்னொன்று, புரோகிராம் இடையில் செத்துப் போனால் குரோனின் "@ரீபூட்" திரும்ப எழுப்பாது. அடுத்த தடவை கணினி ஆரம்பிக்கும் வரை அது செத்தபடியே கிடக்கும்.

அதனால் நாங்கள் சிபாரிசு செய்வது சிஸ்டம்டீயின் பயனர் சேவை. சிஸ்டம்டீ 2010 இல் வந்தது, உபுண்டுவும் டெபியனும் 2015 இல் அதற்கு மாறின. கணினி முழுவதற்கும் ஒரு சிஸ்டம்டீ இருப்பது போல, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு சின்னச் சிஸ்டம்டீ தனியே ஓடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. வீட்டுக் கோப்புறையில் ".கொன்பிக்" என்ற மறைந்த கோப்புறை, அதற்குள் "சிஸ்டம்டீ", அதற்குள் "யூசர்". அங்கே ஒரு சின்னக் கோப்பு எழுதி வைத்தால் போதும். எதை ஓட்ட வேண்டும், செத்தால் திரும்ப எழுப்ப வேண்டுமா, எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று ஏழெட்டு வரி. பிறகு "சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ்" என்று அடித்து அந்தக் கோப்பின் பெயரைக் கொடுப்பது. சூடோ இல்லை. அந்த "--யூசர்" என்ற சொல்தான் விஷயமே.

கோப்பின் கடைசி வரியில் எல்லாரும் இணையத்தில் பார்த்து "மல்டி-யூசர்.டார்கெட்" என்று எழுதுவார்கள். அது முழுக் கணினியின் சிஸ்டம்டீக்கு உரியது. பயனரின் சிஸ்டம்டீயில் அப்படி ஒன்று இல்லை, ஆகவே ஒன்றும் ஆரம்பிக்காது, பிழை என்றும் கத்தாது. "டிபோல்ட்.டார்கெட்" என்று எழுத வேண்டும். எங்களிடம் "சேர் ஓடுதில்லை" என்று வருகிற மெசின்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

இனித்தான் நிர்வாகியின் அந்த ஒரு தடவை. பயனரின் சிஸ்டம்டீ ஆரம்பிப்பது அவர் லொகின் பண்ணும்போது. அவருடைய கடைசி லொகின் முடியும்போது அதுவும் முடிந்து, அதன் கீழ் ஓடியவை எல்லாம் நிறுத்தப்படும். அப்படியென்றால் நமக்கு என்ன பிரயோசனம்? இதற்குத்தான் "லிங்கர்" என்று ஒன்று இருக்கிறது, தங்கியிரு என்று அர்த்தம். நிர்வாகி "சூடோ லொகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்" என்று அடித்துப் பயனரின் பெயரைக் கொடுத்துவிட்டால், அதன் பிறகு கணினி ஆரம்பிக்கும்போதே அந்தப் பயனரின் சிஸ்டம்டீயும் ஆரம்பிக்கும். யாரும் லொகின் பண்ண வேண்டியதில்லை. நிர்வாகி செய்ய வேண்டியது அவ்வளவுதான். பிறகு மணி நேரம் மாற்றுவது, நூலகத்துக்குப் புதிய கோப்பு சேர்ப்பது எல்லாம் அந்தப் பயனரின் சொந்த வேலை.

இந்த "லொகின் முடிந்ததும் எல்லாம் முடிய வேண்டுமா" என்பது உலக அளவில் சண்டை பிடித்த விஷயம். 2016 மே மாதம் சிஸ்டம்டீ 230ஆம் பதிப்பு வந்தபோது, பயனர் வெளியேறியவுடன் அவர் பின்னால் விட்டுச் சென்ற எல்லாவற்றையும் கொல்வதை வழமையாக்கினார்கள். "நோஹப்" போட்டும் "ஸ்க்ரீன்" போட்டும் வேலையை ஓடவிட்டுப் போகிற பழக்கமுள்ளவர்கள் கொதித்தார்கள். டெபியன் அதைத் தன் பொதியில் நிறுத்தி வைத்தது. எங்களைக் கேட்டால் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. யாருடையது என்று தெரியாமல் கூடத்து மெசினில் பழைய புரோகிராம்கள் தேங்கிக் கிடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் பல காலம் வேலை செய்த பழக்கத்தை ஓர் இரவில் உடைப்பதும் சரியில்லை.

இப்போது மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ரூட்டில் போட்டால் சத்தமே வராமல் போவது ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர், அதற்கு முந்திய பல்ஸ்ஓடியோ, இரண்டுமே பயனரின் சிஸ்டம்டீக்குக் கீழே ஓடுபவை. ரூட்டுக்கு அவை ஆரம்பிக்க வேண்டாம் என்றே அவற்றின் சேவைக் கோப்பில் எழுதியிருக்கிறது. அதாவது முறைமையை எழுதியவர்களே ஒலியைச் சாதாரண பயனரின் வேலை என்று வைத்திருக்கிறார்கள். நமது ஆட்களோ சத்தம் வரவில்லை என்று இன்னும் ரெண்டு சூடோ சேர்க்கிறார்கள்! மணிக்கென்று ஒரு பழைய மெசினை ஒதுக்கி, ஒரு பயனரை உருவாக்கி, லிங்கர் கொடுத்து, திரையில் லொகின் பண்ணாத ஆள் என்பதால் "ஓடியோ" குழுவிலும் அவரைச் சேர்த்துவிட்டால் சத்தம் வரும்.

நேரத்துக்குச் சிஸ்டம்டீயின் "டைமர்" இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை ஒரு கோப்பு, வெள்ளிக்கு இன்னொரு கோப்பு. ஜும்ஆவுக்காக நமது பாடசாலைகள் வெள்ளியில் முந்தி விடுவதால் இந்தப் பிரிப்பு கட்டாயம் தேவை. ரமழானில் பாடசாலை மூடும்போது மணிக்குப் பொறுப்பான டீச்சர் தானே இரண்டு டைமரையும் நிறுத்தி, பெருநாள் முடிந்து திறக்கும்போது திரும்பப் போடலாம். நிர்வாகியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய மெசினில் மதர்போர்டின் சின்ன பேட்டரி செத்திருந்தால் கரண்ட் போய் வந்ததும் திகதியும் நேரமும் பின்னால் போய்விடும், மணி நடுச்சாமத்தில் அடிக்கும். அந்த பேட்டரியைத்தான் முதலில் மாற்றுங்கள். எந்த மென்பொருளும் அதைத் திருத்தாது.

கரண்ட் என்றதும், இந்த நாட்டில் இதை ஆடம்பரமான விஷயம் என்று யாரும் சொல்லக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டியதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யார் இருப்பார்? கரண்ட் வந்ததும் கணினி தானாக எழும்ப பயாஸில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டு வைக்கலாம். ஆனால் எழும்பிய கணினி லொகின் திரையில் வந்து நின்றால் என்ன பிரயோசனம்? திங்கட்கிழமை காலை வரை நூலகமும் இல்லை, இரவுப் பிரதியும் இல்லை. லிங்கர் கொடுத்த பயனர் என்றால் கணினி எழும்பும்போதே அவருடைய புரோகிராம்களும் எழும்பும்.

கிவிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "இதற்கு ரூட் வேண்டும்" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். கிவிக்ஸின் சேவர் சும்மா ஆரம்பித்தால் 80ஆம் இலக்கத் துறையைக் கேட்கும். லினக்ஸில் 1024க்குக் கீழ்ப்பட்ட துறைகள் வழமையாக ரூட்டுக்கு மட்டும். சாதாரண பயனருக்கு மறுக்கப்படும். உடனே சூடோ போடுகிறார்கள். 8080 என்று ஓர் இலக்கத்தைக் கொடுத்தால் முடிந்தது விஷயம். பிள்ளைகள் முகவரியின் கடைசியில் நாலு இலக்கம் கூட அடிக்க வேண்டும். அதையும் ஒரு புக்மார்க்கில் போட்டுவிடலாம். நாலு இலக்கத்தை மிச்சம் பிடிக்க முழுக் கணினியின் அதிகாரத்தை ஒரு வலைச் சேவருக்குக் கொடுப்பது என்ன கணக்கு?

எதிர்க் கருத்து ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். "சாதாரண பயனருக்குப் பின்னால் ஓட விட அனுமதி கொடுத்தால் பிள்ளைகள் விளையாட்டுச் சேவர் ஓட விடுவார்கள், கிரிப்டோ தோண்டுவார்கள், வைரஸ் வந்தாலும் அங்கேதான் ஒளியும்" என்கிறார்கள் சில அதிபர்மார். பயம் நியாயம். கெட்ட புரோகிராம்கள் ஒளிந்துகொள்ளும் இடங்களில் பயனரின் குரோன் அட்டவணையும் ஸ்டார்டப் கோப்புறையும் உண்மையில் உண்டு. ஆனால் ரூட் பாஸ்வேர்ட் தெரிந்த பிள்ளை அதை எங்கே ஒளிப்பான் என்று யோசியுங்கள். பயனர் அளவில் என்றால் நிர்வாகிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. யாருக்குக் குரோன் என்று "குரோன்.அலவ்" கோப்பில் பெயர் எழுதலாம், எழுதாதவருக்கு இல்லை. யாருக்கு லிங்கர் என்பதை "/வார்/லிப்/சிஸ்டம்டீ/லிங்கர்" கோப்புறையைத் திறந்தால் பெயர்ப் பட்டியலாகவே பார்க்கலாம். அங்கே மணி, பிரதி, நூலகம் என்ற மூன்று பெயருக்கு மேல் நாலாவது ஒன்று இருந்தால் கேள்வி கேளுங்கள். இதைப் பார்க்க ஐசீடீ பட்டம் தேவையில்லை, அதிபரே பார்க்கலாம்.

இன்னொரு எதிர்க் கருத்து: "இதெல்லாம் கஷ்டம், ரூட்டில் போட்டால் ஐந்து நிமிட வேலை." ஐந்து நிமிட வேலைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நமது ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வரும். ரூட்டில் ஐந்து நிமிடத்தில் போட்டவர் அடுத்த ஜனவரியில் வேறு வலயத்தில் இருப்பார். அவர் எங்கே எழுதினார், "ஆர்சி.லோக்கல்" என்ற பழைய கோப்பிலா, ரூட்டின் குரோனிலா, வேறெங்குமா என்று புதியவர் முழு முறைமையையும் துளாவ வேண்டும். வேலைக்கு ஒரு பயனர் என்றால் எல்லாம் ஒரே வீட்டுக் கோப்புறைக்குள். அந்தப் பயனராக லொகின் பண்ணி "சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ்" பார்த்தால் என்ன ஓடுகிறது என்று தெரியும், "ஜேர்னல்சிடிஎல் --யூசர்" பார்த்தால் ஏன் நின்றது என்று தெரியும். கணினியே பழுதானால் அந்த ஒரு கோப்புறையைப் புதிய மெசினுக்குக் கொண்டுபோய், லிங்கர் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

மெக் கணினி வைத்திருக்கிற ஓரிருவருக்கு: அங்கே சிஸ்டம்டீ இல்லை, 2005 இல் வந்த லோஞ்ச்டீ. உங்கள் வீட்டுக் கோப்புறையின் "லைப்ரரி"க்குள் "லோஞ்ச்ஏஜென்ட்ஸ்" என்று ஓர் இடம் இருக்கும். எண்ணம் ஒன்றுதான், ஆனால் அது லொகின் பண்ணிய பிறகே ஆரம்பிக்கும்.

மெசின் அன்பளிப்புச் செய்யும் சகோதரர்களிடம் ஒரு கோரிக்கை. இத்தனை கணினி, இத்தனை ஜீபீ ரெம் என்று கேட்பது போல, "இதில் தானாக ஓடுகிறவை யாருடைய பெயரில் ஓடுகின்றன, நிர்வாகி பாஸ்வேர்ட் எத்தனை பேரிடம் இருக்கிறது" என்றும் கேளுங்கள். இரண்டு பேர் போதும்: அதிபரின் அலுமாரியில் உறையிட்டு ஒன்று, பொறுப்பான ஆசிரியரிடம் ஒன்று. இடமாற்றத்தில் போகிற ஆசிரியர் பொருட்பதிவேட்டில் கதிரை மேசைக் கணக்கை ஒப்படைப்பது போல, லிங்கர் கோப்புறையில் உள்ள பெயர்களையும் ஒவ்வொரு பெயரும் என்ன செய்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்று அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பிரேரணை வைக்கப் போகிறோம்.

பிரேரணை போகும் வரை காத்திருக்க விரும்பாதவர்கள் உங்கள் கூடத்து மெசினில் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்து, என்ன பெயர் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். வெறுமையாக இருந்தால் அதையும் எழுதுங்கள். மணிச் சேவைக்கும் இரவுப் பிரதிக்கும் நாங்கள் எழுதி வைத்திருக்கிற கோப்புகளைக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறோம், பாதைகளை மட்டும் உங்கள் மெசினுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.